ஆளுநரின் ஆணைப்படி ஒரு தள்ளுபடி

1

நாமக்கல்லில் கவர்னர் என்றால் ஒருவர் அல்ல, இரண்டு பேர். முதலாமவர் சென்னையில் மான்கள் மேயும் தோட்டத்துக்குள் குடியிருப்பவர். இரண்டாமவர் லாரியின் டீசல் பம்புக்குப் பின்னால் ஒரு சின்ன இரும்பு டப்பாவுக்குள் குடியிருப்பவர். எங்கள் அப்பா ராமசாமி பரமத்தி ரோட்டில் பம்பு சர்வீஸ் பட்டறை வைத்திருந்தார். ஆகவே எனக்கு முதலில் பழக்கமானவர் இரண்டாமவர்தான். அவருடைய வேலையைப் புரிந்துகொள்வது சுலபம். டிரைவர் எவ்வளவு மிதித்தாலும் இன்ஜின் ஓர் அளவுக்கு மேல் பறக்காதபடி டீசலைக் குறைப்பார். காலை எடுத்துவிட்டால் இன்ஜின் அணைந்துபோகாதபடி கொஞ்சம் கொடுப்பார். வண்டியை ஓட்டுவது அவர் இல்லை. ஆனால் அவர் கெட்டுப்போனால் ஓட்டுகிறவன் பாடு திண்டாட்டம்.

கல்யாணமாகி அடிலெய்டுக்கு வந்த புதிதில் அரசாங்கம் நடத்திய ஆங்கில வகுப்புக்குப் போனேன். ஒருநாள் டீச்சர், இந்த மாநிலத்தில் கவர்னரின் வேலை என்ன என்று கேட்டார். எனக்குத் தெரிந்த கேள்வி ஒன்று வந்துவிட்ட சந்தோஷத்தில் கையைத் தூக்கி, இன்ஜின் ஓவராக ஓடாமல் டீசலைக் கட்டுப்படுத்துவது என்று சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. இதைவிட நல்ல பதிலை இதுவரை யாரும் சொன்னதில்லை என்று பலகையில் எழுதிப் போட்டார். அது பாராட்டா கேலியா என்று இருபத்தொரு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் முதலாமவரிடமிருந்தே எங்கள் வீட்டுக்குக் கடிதம் வந்தது. சென்னைக்காரர் இல்லை, இந்த ஊர்க்காரர். என் மகள் யாழினிக்குப் பதினேழு வயது. மூன்று வருடமாகச் சனிக்கிழமைதோறும் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய், கண் தெரியாதவர்களுக்குப் பேப்பர் படித்துக் காட்டுகிறாள். வீட்டில் நான் ஒரு மருந்துச் சீட்டைப் படிக்கச் சொன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள் என்பது வேறு விஷயம். அந்தச் சேவைக்காக ஆளுநர் தன் மாளிகையில் வைத்துச் சான்றிதழ் தருகிறாராம். விழா ஆகஸ்டில். மூன்று பேரை அழைத்து வரலாம்.

நானும் அவள் அப்பாவும் போக, மூன்றாவது யார் என்று கேட்டேன். அவளுடைய சிநேகிதி யாராவது இருக்கும் என்று நினைத்தேன்.

"சின்னப்புச்சி" என்றாள்.

2

அம்மாவின் அப்பாவை எங்கள் பக்கம் அப்புச்சி என்போம். அப்புச்சியின் தம்பி சின்னப்புச்சி. அதாவது என் சித்தப்பா செல்வராசு. அறுபத்தெட்டு வயது, கல்யாணம் ஆகாதவர், அப்பாவோடு அதே வீட்டில் இருக்கிறார். யாழினிக்கும் அவருக்கும் எப்படி இவ்வளவு ஒட்டுதல் வந்தது என்று எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அப்பா முகம் வந்தால் இரண்டு நிமிடத்தில் நழுவிவிடுவாள். சித்தப்பா வந்தால் அரைமணி நேரம். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, அவளுக்குத் தமிழ் பாதிதான் தெரியும். அவள் அன்றைக்கு இல்லத்தில் படித்த செய்தியைத் தட்டுத்தடுமாறித் தமிழில் சொல்வாள். அவர் முழுவதும் கேட்பார். கேட்பதில் அவருக்கு அவசரமே கிடையாது. பதினான்கு வருடம் அவசரமில்லாத இடத்தில் இருந்தவர்.

அந்தப் பதினான்கு வருடத்தைப் பற்றி யாழினிக்கு நாங்கள் சொன்னதில்லை. சின்னப்புச்சி ரொம்ப வருசம் லாரியில் வெளியூரிலேயே இருந்துவிட்டார், அதனால்தான் கல்யாணம் ஆகவில்லை என்று சொல்லி வைத்திருந்தோம். சேலம் ஜெயில் எங்கள் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரப் பஸ் பயணம். வெளியூர் என்பது பொய்யில்லை.

எனக்கு நாலு வயது ஆகப்போகும்போது நடந்தது அது. மோகனூர் ரோட்டில் ஒரு டீக்கடை வாசலில், எந்த லாரி முதலில் பின்னால் எடுப்பது என்று தகராறு. சித்தப்பா கையில் ஜாக்கி லிவர் இருந்தது. ஒரே அடி. அடி வாங்கியவர் ஜேடர்பாளையம் பக்கத்துக்காரர், அவரும் டிரைவர்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. சித்தப்பாவுக்கு ஆயுள் தண்டனை.

ஐகோர்ட் அப்பீல் தள்ளுபடி. அடுத்த அப்பீலும் தள்ளுபடி. அதற்குப் பிறகு வக்கீல் அப்பாவிடம், இனி கோர்ட்டில் ஒன்றும் இல்லை, கவர்னருக்கு மனு போடுங்கள் என்றார். எனக்கு அப்போது ஏழு வயது. அப்பா பட்டறை மேசையைத் துடைத்து, டீசல் வாசத்தோடு வெள்ளைத்தாளை வைத்து, "கவர்னருக்கு எழுதறேன் சாமி, சத்தம் போடாத" என்று சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. பக்கத்தில் பிரித்துப் போட்ட பம்பு ஒன்று கிடந்தது. அதனுடைய கவர்னரில் இரண்டு வெயிட்டும் ஒரு ஸ்பிரிங்கும் இருந்தன. அதற்குத்தான் அப்பா கடிதம் எழுதுகிறார் என்று நான் நம்பினேன். சித்தப்பா லாரி ஓட்டியவர், லாரிக்குள் இருக்கும் கவர்னருக்கு அவரைத் தெரியாமல் இருக்குமா என்று எனக்குள் ஒரு நியாயமும் இருந்தது.

வருடத்துக்கு இரண்டு மனு. ஆரம்பம் எப்போதும் ஒன்றுதான்: "மேன்மை தங்கிய ஆளுநர் அவர்களின் சமூகத்துக்கு, பம்பு மெக்கானிக் ராமசாமி பணிவுடன் எழுதிக்கொண்டது." தம்பி ஒரு கணம் நிதானம் தவறிவிட்டான் என்று எழுதுவார். மனு முழுக்க இருந்தது அந்த ஒரு கணம்தான். அடிபட்டவரைப் பற்றி ஒரு வரி இருந்ததாக எனக்கு நினைவில்லை.

3

நான் பிளஸ் டூ படிக்கும்போது ஒரு மத்தியானம் சேலம் ஜெயிலிலிருந்து பதிவுத் தபால் வந்தது. கடிதத்தோடு ஓர் அரசாணையின் நகல். அப்பா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். அரசாங்கத் தமிழ் அவருக்குப் பிடிபடாது. எனக்குப் பத்தாவதில் தமிழில் தொண்ணூற்றி நாலு மார்க். ஆகவே வாசிக்கும் பெருமை எனக்கு.

அரசாங்கத் தமிழ் எனக்கும் பிடிபடவில்லை. ஒரே வாக்கியம் முக்கால் பக்கத்துக்கு ஓடியது. மேற்காணும், பார்வையில் கண்ட, என்ற பொருள் குறித்து. நான் மூச்சு வாங்காமல் ஓடிப்போய் நடுவில் இருந்த ஒரு சொல்லில் முட்டிக்கொண்டு நின்றேன். தள்ளுபடி.

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். இரண்டு முறை கேட்டு அனுபவித்த அர்த்தம். ஆடி மாதம் ஜவுளிக்கடை வாசலில் தொங்கும் அர்த்தம்கூட எங்களுக்கு மறந்துபோயிருந்தது. "தள்ளுபடி ஆயிருச்சுங்கப்பா" என்றேன். அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்பா பம்பை ஓட்டிப் பார்க்கும் டெஸ்ட் பெஞ்சை அணைத்தார். பட்டறை ஷட்டரைப் பகல் இரண்டு மணிக்கு இழுத்து விட்டார். அதற்கு முன் பகலில் அந்த ஷட்டர் இறங்கிப் பார்த்ததில்லை. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம். அந்தக் கடிதத்தைக் கிழித்துப்போட இருந்தேன்.

ஷட்டர் இறங்கிய சத்தம் கேட்டுப் பக்கத்து லாரி புக்கிங் ஆபீஸிலிருந்து அன்வர் பாய் வந்தார். யார் செத்தது என்று கேட்கத்தான் வந்தார். நாள் முழுக்க பெர்மிட்டும் ஆர்டிஓ நோட்டீசும் படிக்கிறவர். கடிதத்தை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒருமுறை படித்தார். பிறகு விரலை வைத்து மறுபடியும் படித்தார்.

"ஏம்மா, மனுவத் தள்ளுபடி பண்ணலம்மா" என்றார். "மிச்சம் இருக்கற தண்டனையத் தள்ளுபடி பண்ணியிருக்காங்க. போய்த் தம்பியக் கூட்டிட்டு வாங்க."

அம்மா நம்பவில்லை. இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். அப்பா காகிதத்தின் கடைசி வரியில் கையை வைத்து, இது என்ன என்று கேட்டார். அடைப்புக்குள் இருந்ததை பாய் படித்தார்: ஆளுநரின் ஆணைப்படி. அப்பா அந்தக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அன்றைக்குச் செய்த தவறை என் வீட்டார் இன்று வரை சொல்லிச் சிரிக்கிறார்கள். தொண்ணூற்றி நாலு மார்க் தமிழ் என்பதுதான் எனக்கு வைத்த பட்டப்பெயர். ஆனால் தள்ளுபடி என்ற சொல்லை அதற்குப் பிறகு வீட்டில் யாரும் வாயில் எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக அப்பா வேறொரு சொல்லைப் போட்டார். கவர்னர் மன்னித்துவிட்டார். ஊரிலும் அப்படித்தான் சொன்னார். வருடாவருடம் அந்தத் தேதியில் ஆளுநருக்கு ஒரு நன்றிக் கார்டும் எழுதுவார். ஆள் மாறினால், தங்களுக்கு முன்பு அந்த இருக்கையில் இருந்தவர் என் தம்பியை மன்னித்தார் என்று சேர்த்துக்கொள்வார். பதில் எதிர்பார்த்து எழுதுகிற கார்டு இல்லை அது.

4

ஆளுநர் மாளிகை இங்கே அடிலெய்டில் நகரத்தின் நடுத்தெருவில் இருக்கிறது. வருடத்தில் சில நாள் கதவைத் திறந்துவிடுவார்கள். நாங்களும் போயிருக்கிறோம். வெள்ளைக் கட்டடம், ரோஜாத் தோட்டம், வரிசையாகப் பழைய கவர்னர்களின் படங்கள். ஒவ்வொருவரும் லண்டனிலிருந்து கப்பலேறி வந்தவர்கள், அரசரின் சார்பில். பின்னால்தான் உள்ளூர்க்காரர்கள் வந்தார்கள். இப்போதும் நியமிப்பது அரசர்தான், ஆனால் யாரை என்று சொல்வது மாநில முதல்வர்.

அந்தப் படங்களைப் பார்த்தபோது, நம் சென்னைக் கோட்டையிலும் இதே கப்பலில்தானே வந்து இறங்கினார்கள் என்று தோன்றியது. அங்கே கம்பெனி அனுப்பிய கவர்னர், பிறகு மகாராணி அனுப்பிய கவர்னர். இங்கே காலனிக்கு ஒரு கவர்னர். ஒரே பட்டறையில் செய்த இரண்டு பம்பு. சுதந்திரம் வந்தபோது இந்தப் பதவியை வைத்துக்கொள்வதா, வைத்தால் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதா என்றெல்லாம் அரசியல் சட்டம் எழுதியவர்கள் வாதாடியிருக்கிறார்கள். கடைசியில் குடியரசுத் தலைவர் நியமிப்பது என்று முடிவாயிற்று. நியமிக்கிற கை டெல்லியில், உட்காருகிற நாற்காலி மாநிலத்தில். நம் ஊர்ச் சண்டைகளில் பாதிக்கு விதை அங்கேதான் விழுந்தது. சட்டசபை அனுப்பிய மசோதாவில் கையெழுத்துப் போடுவாரா, வைத்துக்கொள்வாரா, திருப்பி அனுப்புவாரா என்று இங்கிருந்தபடியே செய்தியில் பார்க்கிறேன். மேடையில் இந்தப் பதவியை ஆட்டுத் தாடியோடு சேர்த்துப் பேசிச் சிரித்த தலைமுறையில் பிறந்தவள் நான். எனக்கும் சிரிப்பு வரும். அப்பா முன்னால் மட்டும் சிரித்ததில்லை.

யாழினி பள்ளியில் ஆளுநர் பதவியைப் பற்றிக் கட்டுரை எழுதியபோது நானும் உட்கார்ந்து படித்தேன். மன்னிக்கும் அதிகாரம் ஆதியில் அரசருடையது. குற்றம் எல்லாமே அரசருக்கு எதிரான குற்றம் என்று கணக்கு, ஆகவே மன்னிப்பதும் அவர் பாடு. அரசர் போன பிறகும் அதிகாரம் மட்டும் நாற்காலியில் ஒட்டிக்கொண்டது. ஆனால் ஆளுநர் தனியாக உட்கார்ந்து இரக்கப்படுவதில்லை. அமைச்சரவை சொல்கிறது, அவர் பெயரில் ஆணை வருகிறது. கோட்டையிலிருந்து வரும் எல்லா அரசாணைக்கும் அடியில் ஆளுநரின் ஆணைப்படி என்றுதான் போட்டிருக்கும். ஆபீசுக்கு நாற்காலி மேசை வாங்கும் ஆணையிலும் அதே வரி உண்டு. சித்தப்பா பெயர் இருந்ததுகூட ஒரு நீளமான பட்டியலில் நடுவில் எங்கோதான்.

அப்பாவின் மனுக்களை யாராவது படித்தார்களா? தெரியாது. படித்திருக்கலாம். படிக்காமலேயே பட்டியல் தயாராகியிருக்கலாம். இதை அப்பாவிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

5

சித்தப்பாவின் விசா விண்ணப்பத்தை நான்தான் இங்கிருந்து கணினியில் நிரப்பினேன். முப்பது பக்கம் இருக்கும். அவருடைய பாஸ்போர்ட்டில் பெயர் செல்வராசு முத்துசாமி. குடும்பப் பெயர் எது என்று கேட்டால் எங்கள் குலக்கூட்டத்தின் பெயரைச் சொல்வதா, தாத்தா பெயரைப் போடுவதா என்று எனக்கு இன்றும் குழப்பம். ஒருவழியாக அதையெல்லாம் தாண்டி ஒரு கேள்விக்கு வந்து சேர்ந்தேன். எந்த நாட்டிலாவது எப்போதாவது குற்றவாளி என்று தீர்ப்பாகியிருக்கிறதா? பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்ட தீர்ப்பாக இருந்தாலும் சொல்ல வேண்டும். ஆம், இல்லை.

உண்மையைச் சொல்கிறேன், என் விரல் இல்லை பக்கம்தான் போனது. நாற்பது வருடத்துக்கு முந்தைய கதையை யார் தோண்டப்போகிறார்கள்? பிறகு பயந்து போய் ஒரு குடியேற்ற ஆலோசகரைப் பார்த்தேன். நிதானமான பெண்மணி. பொய் சொல்லி மாட்டினால் ஒரேயடியாகக் கதவு மூடிவிடும் என்றார். ஆயுள் தண்டனை என்றால் கிடைப்பது மிகவும் கடினம். ஒரே ஒரு வழி உண்டு. அவருக்கு முழு மன்னிப்பு வழங்கப்பட்டு, குற்றமே செய்யாதவர் போல ஆக்கியிருந்தால் அது வேறு கணக்கு. அந்த ஆணையில் இருப்பது மன்னிப்பா, அல்லது சும்மா முன்கூட்டி விடுதலையா என்று பார்த்து வரச் சொன்னார்.

மன்னிப்புத்தான், எங்கள் கவர்னர் மன்னித்துவிட்டார் என்று நான் அங்கேயே சொன்னேன். முப்பத்தோரு வருடமாகச் சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மையாகியிருந்தது.

அப்பா ஆணையை லேமினேட் செய்து பீரோவில் வைத்திருந்தார். அதைப் படம் எடுத்து அனுப்பினார். நான் பெரிதாக்கி, பதினேழு வயதில் முட்டிக்கொண்ட அதே வாக்கியத்தை நாற்பத்தெட்டு வயதில் நிதானமாகப் படித்தேன். எஞ்சிய தண்டனைக் காலத்தைத் தள்ளுபடி செய்து. மன்னிப்பு என்ற சொல் முதல் எழுத்திலிருந்து கடைசி அடைப்புக்குறி வரை எங்குமே இல்லை. அரசியல் சட்டத்தில் மன்னிப்பதும் தள்ளுபடி செய்வதும் ஒரே வரியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு வேறு அதிகாரங்கள். எங்களுக்குக் கிடைத்தது இரண்டாவது.

அப்பாவிடம் சொன்னேன். அவர் உடைந்துபோவார் என்று நினைத்தேன். பம்பு மெக்கானிக் அல்லவா, எந்தப் பாகம் பழுது என்று தெரிந்தால் போதும், அதை மாற்றிவிடலாம் என்பதுதான் அவர் புத்தி.

"அப்பொத் தப்பாக் கேட்டுட்டன் போல. மறுக்கா எழுதறேன் சாமி" என்றார். "இந்தத் தடவ மன்னிப்புன்னு தெளிவாப் போட்டுக் கேக்கறேன். அதே ஆபீஸ்தானே?"

எழுபத்தைந்து வயதில் முப்பத்தோரு வருடத்துக்கப்புறம் விட்ட இடத்திலிருந்து மனு எழுத உட்கார்ந்துவிட்டார் என்று நினைக்காதீர்கள், அவர் நன்றிக் கார்டு மூலம் கையை ஓட்டத்திலேயே வைத்திருந்தார். இரண்டே நாளில் மனு தயார். கீழே சித்தப்பாவின் கையெழுத்து மட்டும் வேண்டும்.

சித்தப்பா கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார்.

6

அப்பா போனில் குதித்தார். பேத்தி ஆசையாகக் கூப்பிடுகிறாள், ஒரு கையெழுத்துக்கு இவனுக்கு என்ன கேடு என்று. எனக்கும் கோபம்தான். நாங்கள் எல்லாரும் இவருக்காகத் திண்டாடுகிறோம், இவர் பெரிய அரிச்சந்திரன் மாதிரி நிற்கிறாரே என்று அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். யாழினி மூன்றாவது நாற்காலியில் அவரைத்தான் உட்கார வைக்க வேண்டும் என்கிறாள் என்று அழுத்திச் சொன்னேன். அவருக்கும் வர ஆசை இருந்தது. பாஸ்போர்ட் எடுத்த அன்றே ஒரு ஸ்வெட்டர் வாங்கி வைத்துவிட்டார் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

அவர் மெதுவாக, வெளியே வந்த அடுத்த மாதம் ஜேடர்பாளையம் போனதைச் சொன்னார். எங்கள் யாருக்கும் தெரியாது. அணைக்கட்டுப் பஸ் நிறுத்தத்தில் இறங்கி, விசாரித்து, அந்த வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார். செத்துப்போனவரின் மனைவி வாசலில் வெங்காயம் காயப்போட்டுக்கொண்டிருந்தாராம். இவர் யார் என்று சொன்னதும் எழுந்திருக்கவில்லை, திட்டவும் இல்லை. கவர்னர் மன்னித்துவிட்டார் என்று இவர் சொல்லியிருக்கிறார், அதைச் சொன்னால் அந்த அம்மாவும் மன்னிப்பார் என்ற நினைப்பில்.

"அதுக்கு அந்தம்மா என்ன சொன்னாங்கன்னு ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல சாமி" என்றார். "கவர்னரு உன்னய உட்டுட்டாரு, என்னய ஆரு உடறதுன்னு கேட்டாங்க."

அவரே தொடர்ந்தார்.

"எனக்கு அப்பத்தான் வெளங்குச்சு. கவர்னரு என்னய உட்டாரு, அவ்வளவுதான். மன்னிக்கறதுக்கு நான் அடிச்சது அவரையா? உங்கப்பன் அந்த வார்த்தையச் சொல்றப்பெல்லாம் எனக்குக் கூசும். அண்ணன் மனசு நோகுமேன்னு சும்மா இருந்துட்டேன். காயிதத்துல அப்புடி இல்லீன்னா நல்லதாப் போச்சு. நீ ஆமான்னே போடு."

ஆம் என்று போட்டேன். விளக்கம் எழுதச் சொன்ன கட்டத்தில் நடந்ததை எழுதினேன்.

ஆம் என்று போட்ட பிறகு யாழினியிடம் மறைப்பதில் அர்த்தமில்லை. காரில் போகும்போது சொன்னேன். முகத்தைப் பார்க்காமல் சொல்ல வேண்டியதையெல்லாம் நான் காரில்தான் சொல்வேன். லாரி, லிவர், பதினான்கு வருடம், மனு, தள்ளுபடி எல்லாம் சொன்னேன். அவள் இந்த நாட்டுப் பிள்ளை, அவரை வெறுத்துவிடுவாள் என்று பயமாக இருந்தது. இரண்டு சிக்னல் தாண்டினோம். பிறகு தன் பாதித் தமிழில் கேட்டாள்.

"அந்தச் செத்துப்போனவங்க பேர் என்னம்மா?"

எனக்குத் தெரியவில்லை. அரசாணை எண் எனக்கு மனப்பாடம். அப்போதைய ஆளுநருக்கு எப்படி மரியாதைச் சொல் போட வேண்டும் என்று தெரியும். ஜெயிலில் சித்தப்பாவின் நம்பர் தெரியும். வீட்டில் எல்லாருமே அவரை அந்த ஆள் என்றோம், பிறகு அந்த விஷயம் என்றோம். நாற்பத்து நாலு வருடத்தில் ஒருமுறைகூட அவர் பெயரை நான் கேட்டதில்லை. அவமானமாக இருந்தது. காரை ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளே சித்தப்பாவிடம் கேட்டாள். நான் பக்கத்தில் நின்றேன். அவர் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. யாராவது கேட்பார்கள் என்று தயாராக வைத்திருந்தது போலிருந்தது.

"காளியப்பன் சாமி. அப்ப முப்பது வயசு. ஒரு பொம்பளப்புள்ள இருந்துச்சு. உங்கம்மா வயசு."

யாழினி அந்தப் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். ள வரவில்லை. அவர் பொறுமையாகத் திருத்தினார்.

7

விழாவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. முடிவு போன வியாழக்கிழமை வந்தது. ஐந்து பக்கம், மரியாதையான மொழி. எல்லாவற்றையும் கவனமாகப் பரிசீலித்தார்களாம், வருந்துகிறார்களாம். என்னால் அவர்கள் மேல் கோபப்பட முடியவில்லை. கேட்டார்கள், ஆம் என்றோம், ஆம் என்றால் என்ன என்று அவர்கள் சட்டத்தில் எழுதியிருக்கிறது. அப்பாவுக்கு மட்டும் சமாதானம் ஆகவில்லை. அவருடைய புதிய மனு கையெழுத்தில்லாமல் பீரோவில் லேமினேஷனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இந்த வருட நன்றிக் கார்டில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அதையும் எழுதவில்லையாம்.

சித்தப்பாவுக்கு நானே சொல்ல வேண்டும் என்று போன் செய்தேன். யாழினியும் வந்து உட்கார்ந்தாள். திரையில் அவர் தெரிந்தார், தலையை வாரிக்கொண்டு. அந்த நாமக்கல் வெயிலில் புது ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அளவு சரியாக இருக்கிறதா என்று எங்களிடம் காட்டப் போட்டிருக்கிறார்.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நிராகரித்துவிட்டார்கள் என்று சொன்னால் செய்தி வாசிப்பது போல இருக்கும். முடியாது என்றார்கள் என்றால் ஏன் என்று கேட்பார். என் தொண்ணூற்றி நாலு மார்க் தமிழில் கடைசியில் ஒரு சொல்தான் மிஞ்சியது.

"விசா தள்ளுபடி ஆயிருச்சுங்க சித்தப்பா."

அவர் என்னையே பார்த்தார். பிறகு வாய் கொஞ்சம் கோணியது. சிரிக்கிறார் என்று புரிய எனக்கு ஒரு நிமிடம் ஆயிற்று.

"நல்லாப் படிச்சுப் பாத்தியா சாமி? இது எந்தத் தள்ளுபடி?"

நானும் சிரித்துவிட்டேன். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. "இது நெசத் தள்ளுபடிதானுங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். ஸ்வெட்டரைத் தலைக்கு மேல் இழுத்துக் கழற்றி, மடித்து, மடியில் வைத்துக்கொண்டார். யாழினி அழுதுகொண்டிருந்தாள். அவர் திரைக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுவந்தார்.

"உடு சாமி" என்றார். "அந்தக் கவர்னரு கையில வாங்கிட்டு வந்து, அவரு என்ன சொன்னாருன்னு எனக்குத் தமிழ்ல சொல்லு. மெதுவாச் சொல்லு, நான் கேக்கறேன்."